நோட்டீஸ் வந்த பிறகு எந்த வழி? பதில் மனு, மேல்முறையீடு, சிவில் வழக்கு, ரிட்: மலைப்பகுதி மக்களுக்கான ஒப்பீடு

நீலகிரியிலும் பழனி மலையிலும் வீடோ தோட்டமோ கடையோ வைத்திருப்பவர்களுக்கு வட்டாட்சியரிடமிருந்தோ, நகராட்சியிடமிருந்தோ, வனத்துறையிடமிருந்தோ ஒரு நாள் நோட்டீஸ் வருகிறது. இடம் ஆக்கிரமிப்பு என்கிறது, கட்டடத்துக்கு அனுமதியில்லை என்கிறது, அல்லது பட்டாவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்கிறது. உடனே ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். பதில் எழுதிக் கொடுத்தால் போதும் என்பார் ஒருவர். ஆர்.டி.ஓ.விடம் (வருவாய் கோட்டாட்சியரிடம்) மேல்முறையீடு செய்யச் சொல்வார் இன்னொருவர். முன்சீப் கோர்ட்டில் தடையாணை வாங்கிவிடலாம் என்றும், ஹைகோர்ட்டில் ரிட் போட்டால்தான், அதாவது அதிகாரியின் செயலை நேரடியாக எதிர்க்கும் மனு போட்டால்தான், அதிகாரிகள் அடங்குவார்கள் என்றும் மற்றவர்கள் சொல்வார்கள். நான்கும் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகள்தாம். ஆனால் ஒன்றுக்கு உரிய நேரத்தில் மற்றொன்றைப் பிடித்ததால், நியாயம் தம் பக்கம் இருந்தும் நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்கள் இந்த மலைகளில் உண்டு.

நான்கு வழிகளுக்கும் அடித்தளம் ஒன்றே. அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவமும், 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையும், சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்னும் 300-அ பிரிவும் சேர்ந்து, அரசு ஒருவருக்குப் பாதகமாக முடிவெடுக்கும் முன் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், சார்பற்ற ஒருவர் கேட்க வேண்டும், முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்ற கடமையை விதிக்கின்றன. பின்பற்றும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நடைபாதையில் குடியிருந்தவர்களுக்கும் முன்னறிவிப்பு வேண்டும் என்ற கொள்கையை 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றது. ஆகவே பட்டா இல்லாதவர், அரசு நிலத்தில் இருப்பதற்காக அபராதம் கட்டிய பி மெமோ ரசீதை மட்டும் வைத்திருப்பவர், தமக்கு எந்த உரிமையும் இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இடத்தின் மீது உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. கேட்கப்படும் உரிமை அதிலிருந்து தனியானது.

எவற்றை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது தகராறு எதைப் பற்றியது என்பது. எல்லை எங்கே, எந்த ஆண்டு கட்டியது, எத்தனை ஆண்டு அனுபவம் என்பன போன்ற உண்மைகளைப் பற்றியதா, இடம் யாருக்குச் சொந்தம் என்ற உரிமை மூலத்தைப் பற்றியதா, அல்லது அதிகாரி நடந்துகொண்ட முறையைப் பற்றியதா? அடுத்தது அவசரம்: நாளைக்கே ஜே.சி.பி. வரப்போகிறதா, விசாரணைத் தேதி மட்டும் குறித்திருக்கிறார்களா? மூன்றாவது கெடு. நான்காவது பணமும் தூரமும். பந்தலூரில் இருப்பவருக்கு ஊட்டிக்கு ஒருமுறை போய் வருவதே ஒரு நாள் கூலி.

ஐந்தாவதைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை. இந்த வழியில் வென்றால் கையில் என்ன கிடைக்கும்? முறை தவறியது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆணை ரத்தானால், பெரும்பாலும் விவகாரம் அதே அலுவலகத்துக்கு மறு விசாரணைக்காகத் திரும்பி வரும். அந்த மேசையில் சொல்வதற்கு ஒன்றும் தயாராக இல்லையென்றால், சென்னை வரை போய் வாங்கிய தீர்ப்பு சில மாத அவகாசத்துக்கு மேல் எதையும் தராது. இந்த ஒப்பீடு முழுவதையும் நான் இந்தக் கேள்வியை வைத்தே செய்திருக்கிறேன்.

முதல் வழி: நோட்டீசுக்குப் பதிலும் நேரடி விசாரணையும்

இது செலவு குறைந்த வழி, மதிப்பு மிகுந்த வழியும்கூட. இடித்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் நோட்டீஸே அனுப்புகிறார்கள், பதில் எழுதி என்ன பயன் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சந்தேகம் சில நேரம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பிறகு மேல்முறையீட்டு அதிகாரியும் உயர் நீதிமன்ற நீதிபதியும் புரட்டப்போவது இந்தக் கட்டத்தில் சேர்ந்த கோப்பைத்தான். பதிலே கொடுக்காதவர், என்னைக் கேட்கவில்லை என்று பின்னால் சொல்வது கடினம்.

பதில் எழுதும் முன்னர், நோட்டீஸ் என்று கையில் கிடைத்தது என்பதற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். நோட்டீசில் ஒரு தேதி இருக்கும், தபால் முத்திரையில் வேறொரு தேதி இருக்கும், கதவில் ஒட்டியது மூன்றாவது தேதியாக இருக்கும். பதிலுக்குக் கொடுத்த ஏழு நாளில் ஐந்து நாள் தபாலிலேயே கழிந்திருந்தால், உறையும் அதன் புகைப்படமும்தான் அதற்குச் சாட்சி. பதிலில் மூன்று கோரிக்கைகள் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த அறிக்கையை, எந்த அளவையை நம்பி நோட்டீஸ் அனுப்பினார்களோ அதன் நகல் வேண்டும். நேரில் விசாரிக்க வேண்டும். தேவைப்பட்டால் வழக்கறிஞரையோ விவரம் தெரிந்த ஒருவரையோ உடன் அழைத்து வர அனுமதி வேண்டும். நகல் தராமலேயே தேதி குறித்தால், நகல் கேட்ட கடிதத்தைக் குறிப்பிட்டு அவகாசம் கேட்டு எழுத வேண்டும். வாயால் கேட்டது கோப்பில் ஏறாது.

மலையில் இந்தக் கட்டம் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு நில அளவையே நல்ல உதாரணம். புலப்படத்தில் (நிலத்தின் அளவுகளைக் காட்டும் அரசு வரைபடத்தில்) இருக்கும் நீளங்கள் கிடைமட்ட நீளங்கள். தேயிலைச் சரிவில் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்து அளந்தால் நீளம் கூடுதலாக வரும். 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் என்று அளப்பது வரைபடத்தில் சுமார் 86.6 மீட்டர்தான். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காத அறிக்கையில் எல்லைக் கோடு இடம் மாறிவிடும். மாறிய கோட்டுக்கு வெளியே இருக்கும் பத்து வரிசைச் செடியும் ஒரு கொட்டகையும் ஆக்கிரமிப்பாகிவிடும். எப்படி அளந்தீர்கள், எந்த எல்லைக்கல்லிலிருந்து தொடங்கினீர்கள், பக்கத்து நிலத்துக்காரருக்குத் தகவல் கொடுத்தீர்களா என்று நில அளவரிடம் கேட்கக்கூடிய முதல் இடம் இந்த விசாரணைதான். ரிட் மனுவில் உயர் நீதிமன்றம் சங்கிலி பிடித்து அளக்காது. எனவே மறு அளவை கேட்கும் மனுவை, உரிய கட்டணத்தையும் கட்டி, இங்கேயே கொடுத்துவிட வேண்டும்.

விசாரணை நாளில் பேசியது முழுவதும் குறிப்பில் ஏறியதா என்று பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். விடுபட்டிருந்தால் அன்றே எழுத்து மூலமான வாதத்தைக் கொடுத்து, அலுவலக முத்திரையுடன் ஒப்புகை பெற வேண்டும். கேட்டவரே தீர்மானிக்க வேண்டும் என்பது 1958இல் குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய கொள்கை. விசாரித்த அதிகாரி மாற்றலாகிப் போய், புதிதாக வந்தவர் பழைய குறிப்பை வைத்து ஆணையில் கையெழுத்திடுவது இங்கே அரிதான காரியம் இல்லை. மாற்றம் தெரிந்தவுடன், என்னை மீண்டும் கேளுங்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு எந்த மன்றத்திலும் அது வலுவான வாதம்.

இதன் மறைமுகச் செலவு, எழுதியதிலிருந்து பின்வாங்க முடியாது என்பது. அவசரத்தில், யாரோ சொன்னதைக் கேட்டு, இடம் அரசுக்குச் சொந்தம்தான், கருணை காட்டுங்கள் என்று எழுதிவிட்டால், பின்னாளில் உரிமை கோரும் வழக்கில் அந்தக் கடிதமே எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும். விசாரணைக்கு வழக்கறிஞர் வராவிட்டாலும், பதிலை மட்டுமாவது அவரிடம் காட்டிய பின் கொடுப்பது நல்லது.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவை இந்தப் பதிலுக்கு ஈடாக நினைப்பவர்கள் பலர். முதல்வர் தனிப்பிரிவுக்கு அனுப்பும் மனுவும் அப்படித்தான். அவற்றால் சில நேரம் நிர்வாகம் அசையக்கூடும். ஆனால் அவை நோட்டீசுக்கான பதில் ஆகா, மேல்முறையீடும் ஆகா. அவை நிலுவையில் இருக்கும்போதும் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் வழி: சட்டம் சொல்லும் மேல்முறையீடு

ஆணை வந்துவிட்டது, நம் தரப்பைக் கேட்டார்கள், ஆனால் உண்மைகளைத் தவறாக எடை போட்டார்கள் என்றால் இதுவே சரியான வழி. பட்டா விவகாரத்தில் வட்டாட்சியரின் ஆணைக்கு எதிராக, 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன் பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று இடங்களிலும், பழனி மலையில் கொடைக்கானலிலும் கோட்டாட்சியர் அலுவலகம் இருப்பதால், முதல் மேல்முறையீட்டுக்கு மலையிறங்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. கட்டட விவகாரம் வேறு மாதிரி. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி வரும் நோட்டீசுக்கு 80-அ பிரிவின் கீழ் அரசிடமே மனு செய்யலாம். அதற்குக் கோட்டை வரை போக வேண்டியிருக்கும்.

இந்த வழியின் பலம், மேல்முறையீட்டு அதிகாரி உண்மைகளை மறுபடி ஆராய முடியும், புதிய ஆவணத்தைப் பார்க்க முடியும், ஆணையைத் திருத்தவும் முடியும் என்பது. கீழே விட்டுப்போன பழைய தீர்வை ரசீதையும் மின் இணைப்பு ஆவணத்தையும் இங்கே சேர்க்கலாம். வென்றால் கையில் கிடைப்பது மறு விசாரணை மட்டுமாக இல்லாமல், பிரச்சினைக்கே தீர்வாக இருக்கக்கூடும்.

பலவீனமும் தெளிவானது. மேல்முறையீடு செய்த உடனே கீழ் ஆணை நின்றுவிடாது. நிறுத்திவைக்கும்படி தனி மனு கொடுத்து, அதன் மேல் ஆணை பெற வேண்டும். இதைத் தெரியாமல், மேல்முறையீடுதான் போட்டாயிற்றே என்று ஊரில் இருந்தவர்கள் பூட்டி சீல் வைக்கப்பட்ட கதவின் முன் நின்றிருக்கிறார்கள். கெடு சட்டத்துக்குச் சட்டம் மாறும், ஆகவே ஆணை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பிறப்பிக்கப்பட்டது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழ் அதிகாரிக்கு வழிகாட்டுபவரே மேல்முறையீட்டையும் கேட்கிறார் என்ற மனக்குறையும் நியாயமானதுதான். அந்த அதிகாரியே முன்பு இதே நடவடிக்கைக்கு உத்தரவிட்டிருந்தால், சார்பு நேரக்கூடும் என்ற ஆட்சேபணையை முதல் நாளிலேயே எழுத்தில் எழுப்ப வேண்டும். வனப்பணித் தேர்வில் தாமே ஒரு போட்டியாளராக இருந்த அதிகாரி, தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்ததற்காக அந்தத் தேர்வையே 1969இல் கிரைபாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சார்பு இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை, நியாயமான ஐயத்துக்கு இடமிருந்தால் போதும்.

மூன்றாம் வழி: சிவில் வழக்கு

இடம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் உண்மையான தகராறு என்றால், மற்ற மூன்று வழிகளும் அதைத் தீர்க்காது. வருவாய்த் துறை பட்டாவைக் கொடுக்கலாம், மாற்றலாம். உரிமை மூலத்தை இறுதியாகத் தீர்மானிப்பது சிவில் நீதிமன்றமே. சாட்சிகளை விசாரிப்பதும், ஆணையரை அனுப்பி இடத்தைப் பார்வையிடச் செய்வதும் அங்கே நடக்கும். மலை ஊர்களிலேயே சிவில் நீதிமன்றம் இருப்பது பெரிய வசதி.

ஆனால் எதிரி அரசாக இருக்கும்போது, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அவசரம் என்றால் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கலாம் என்றாலும், அரசுத் தரப்பைக் கேட்காமல் இடைக்கால நிவாரணம் கிடைக்காது. பல சிறப்புச் சட்டங்கள் தங்கள் கீழ் நடக்கும் நடவடிக்கைகளைச் சிவில் நீதிமன்றம் தொடக் கூடாது என்று தடுத்தும் வைத்திருக்கின்றன. சொத்தின் மதிப்பைப் பொறுத்து நீதிமன்றக் கட்டணமும் ஏறும். வாய்தா வாய்தாவாக ஆண்டுகள் ஓடக்கூடிய வழி இது. குடும்பப் பத்திரமும் மூல ஆவணங்களும் உறுதியாக இருப்பவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

நான்காம் வழி: உயர் நீதிமன்றத்தில் ரிட்

அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் வரும் இந்த வழிக்கு ஊரில் இருக்கும் மதிப்பு, அதன் வேகத்தால் வந்தது. நோட்டீசே கொடுக்காமல் இடிக்க வந்திருக்கிறார்கள், அதிகாரமில்லாத ஒருவர் ஆணை போட்டிருக்கிறார், காரணம் ஒன்றும் எழுதாமல் நிராகரித்திருக்கிறார்கள் என்றால் தயங்காமல் இங்கே போக வேண்டும். மாற்று நிவாரணம் இருக்கிறதே என்று நீதிமன்றம் வழக்கமாகத் திருப்பி அனுப்பும். ஆனால் இயற்கை நீதி (தரப்பைக் கேட்டு, சார்பின்றி முடிவெடுக்கும் நெறி) மீறப்பட்டதும், அதிகார வரம்பு இல்லாமல் செயல்பட்டதும், அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டதும் அதற்கு விலக்கு என்று 1998இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆணையில் எழுதாத காரணத்தைப் பிறகு பிரமாண வாக்குமூலத்தில் சேர்த்து அதற்கு உயிர் கொடுக்க முடியாது என்ற 1977ஆம் ஆண்டின் மொஹிந்தர் சிங் கில் தீர்ப்பும் இங்கே பயன்படும்.

இடிப்பு நடவடிக்கைகளுக்கு 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான நெறிகளை வகுத்தது. குறைந்தது 15 நாள் நோட்டீஸ், அதைப் பதிவுத் தபாலில் அனுப்புவதோடு கட்டடத்திலும் ஒட்டுதல், நேரடி விசாரணை, அதன் பதிவு, காரணத்துடன் இறுதி ஆணை, அதன் பின் இன்னும் 15 நாள் அவகாசம், இடிப்பை வீடியோவாகப் பதிவு செய்தல் ஆகியவை அதில் அடங்கும். ஆனால் சாலை, தெரு, நடைபாதை போன்ற பொது இடங்களிலும் ஆறு, நீர்நிலைகளிலும் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கும், நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்ட இடங்களுக்கும் அந்த நெறிகள் பொருந்தா. சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் வீடுகள் நெருங்கியிருக்கும் நம் ஊர்களில், இந்த விலக்கைப் படிக்காமல் அந்தத் தீர்ப்பின் மேல் நம்பிக்கை வைப்பது ஆபத்து. அத்தகைய இடங்களிலும், எந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கிறார்களோ அந்தச் சட்டமே கேட்கும் நோட்டீசை அதிகாரிகள் கொடுத்தாக வேண்டும்.

வெளியே தெரியாத செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். நீலகிரிக்காரர் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து சென்னைக்குப் போக வேண்டும். கொடைக்கானல்காரருக்கு, 2004இல் தொடங்கிய மதுரைக் கிளை கொஞ்சம் அருகில். வக்கீல் கட்டணம் ஊர்க் கட்டணத்தைப் போல் இராது. விளக்கம் கேட்கும் நோட்டீசை மட்டும் எதிர்த்துப் போனால், முதலில் பதில் சொல்லுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது வழக்கம். அதற்குள் பதிலுக்கான நாள் கடந்திருக்கும். மனுவைப் பரிசீலிக்குமாறு அதிகாரிக்கு உத்தரவிடும் தீர்ப்பை வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். பரிசீலித்து நிராகரிக்கவும் அதே தீர்ப்பு இடம் கொடுக்கிறது. முறைகேடு நடந்தது என்று காட்டுவது மட்டும் எப்போதும் போதாது, அதனால் நமக்கு என்ன பாதிப்பு என்றும் காட்ட வேண்டும் என்பது 1996இல் பாட்டியாலா ஸ்டேட் பாங்க் வழக்கிலிருந்து வரும் நிலைப்பாடு. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நீதிபதி கேட்கும்போது பதில் வேண்டும்.

மசினகுடிப் பக்கத்து யானை வழித்தட வழக்கு இதற்கு நம் கண்ணெதிரே உள்ள சான்று. 2010இல் யானை வழித்தடத்துக்கான அரசு அறிவிக்கை வந்தது; 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது; 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி விடுதிகளுக்கு சீல் வைத்தார்கள்; 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கையை உறுதி செய்தது. யானைகளுக்கு வழி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கவனிக்க வேண்டியது, அத்தனை ஆண்டு வழக்குக்குப் பிறகும் ஒவ்வொரு நில உரிமையாளரின் தனி ஆட்சேபணையை உச்ச நீதிமன்றம் தானே ஆராயாமல், ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையிலான குழுவின் முன் வைக்கச் சொன்னது என்பதே. பத்தாண்டு கழித்தும், ஒவ்வொருவரும் தம் பத்திரத்தையும் வரைபடத்தையும் ஒரு விசாரணை மேசையில்தான் விரிக்க வேண்டியிருந்தது.

காட்டில் வாழும் மக்களுக்கு

பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், பளியர் ஆகிய மக்களுக்கு இந்த நான்குக்கும் முன்னால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நிற்கிறது. 4(5) பிரிவின்படி, உரிமையை ஏற்று உறுதி செய்யும் நடைமுறை முடியும் வரை, அனுபவத்தில் உள்ள வன நிலத்திலிருந்து அவர்களை வெளியேற்றக் கூடாது. கிராம சபைத் தீர்மானத்தில் குறை இருந்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடமும், அதன் முடிவில் குறை இருந்தால் அடுத்த 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடமும் மனு செய்யலாம். மனுதாரரைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வெளியேறச் சொல்லும் நோட்டீஸ் வந்தால், உரிமை கோரிய மனுவின் நகலை முதல் பதிலோடு இணைக்க வேண்டும். இங்கே மற்ற வழிகளைவிட இதுவே வலுவானது. பழங்குடியினர், பட்டியல் இனத்தவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எதுவானாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இரண்டு வழிகளை ஒன்றாகப் பிடிப்பது

சிலர் பாதுகாப்புக்காக மேல்முறையீட்டையும் ரிட்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிடுகிறார்கள். ஒன்று நிலுவையில் இருப்பதை மற்றொன்றில் மறைத்தால், அந்தக் காரணத்துக்காகவே மனு தள்ளுபடியாகும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இடிக்க வருகிறார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மேல்முறையீட்டைக் குறித்த காலத்துக்குள் விசாரித்து முடிக்கவும், அதுவரை நடவடிக்கையை நிறுத்தவும் உத்தரவு. மேல்முறையீடு செய்த தேதியையும், நிறுத்திவைப்பு மனு கொடுத்த தேதியையும், அலுவலக ஒப்புகையின் நகலையும் அந்தப் பிரமாண வாக்குமூலத்திலேயே சேர்க்க வேண்டும். மாற்று நிவாரணம் இருக்கிறது என்று ரிட்டைத் தள்ளினால், மேல்முறையீட்டுக்குச் செல்ல அனுமதியையும், நீதிமன்றத்தில் கழிந்த நாட்களைக் கெடுவிலிருந்து விலக்கும் வாசகத்தையும் தீர்ப்பிலேயே எழுதும்படி வழக்கறிஞர் அன்றைக்கே கேட்டுப் பெற வேண்டும்.